குடும்பச் சுற்றுலா: ஓய்வா, ஓட்டமா?



பெருநாள் கழிந்து இரண்டொரு நாட்களில் நம் ஊர்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஸுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வீதியில் வேன்கள் வந்து நிற்கும். சோற்றுச் சட்டிகளும் பாய்களும் தண்ணீர்ப் போத்தல்களும் ஏற்றப்படும். பதினான்கு பேர் அமரும் வாகனத்தில் பதினெட்டுப் பேர் ஏறுவர். முதல் நாள் இரவு முழுவதும் அடுப்படியில் நின்ற உம்மாமார் கண் எரிச்சலோடு கடைசி ஆசனத்தில் ஒதுங்கிக்கொள்வர். "சுற்றுலாப் போகிறோம்" என்று பிள்ளைகள் ஆரவாரிப்பர். மறுநாள் நள்ளிரவில் அதே வேன் திரும்பும்போது அந்த ஆரவாரம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

சுற்றுலா என்பது மார்க்கம் வெறுக்கும் ஒன்றல்ல. பூமியில் பயணம் செய்து படைப்பின் ஆரம்பத்தைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆன் மனிதனைத் தூண்டுகின்றது. ஆனால், நாம் செய்யும் பயணம் பார்ப்பதற்கும் சிந்திப்பதற்கும் இடம் தருகின்றதா? உடலுக்கு உற்சாகமும் உள்ளத்துக்கு அமைதியும் தருகின்றதா? அல்லது வீட்டில் இருந்த களைப்பை வீதிக்குக் கொண்டுபோய் இரட்டிப்பாக்கித் திரும்புகின்றோமா? இதனையே இக்கட்டுரையில் சற்று விரிவாக நோக்குவோம்.

உம்மா கண்ட சுற்றுலா

பிறரைக் குறை கூறுமுன் என் சொந்த வீட்டுக் கதையையே சொல்லி விடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள், புத்தளத்திலிருந்து எம் குடும்பத்தார் ஒரு வேனில் புறப்பட்டோம். பேராதனைப் பூங்கா, கண்டி நகர், வழியிலுள்ள நீர்வீழ்ச்சிகள், நுவரெலியா, ஹக்கலைப் பூங்கா ஆகிய அனைத்தையும் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்புவது எமது திட்டம். பட்டியலைத் தயாரித்தவன் நான்தான். போக வர நானூறு கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. அதில் பெரும்பகுதி வளைந்து நெளிந்து செல்லும் மலைப்பாதை.

பேராதனையில் அரை மணி நேரம். கண்டியில் வாகனத்தை நிறுத்த இடமில்லை. நீர்வீழ்ச்சி ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். சின்னப் பிள்ளைகள் இருவர் வாந்தியெடுத்தனர். நுவரெலியாவை அடையும்போது மாலை மூன்று மணி, மூடுபனி இறங்கிவிட்டது. திரும்பும் வழியில், குருநாகலைத் தாண்டிய பின், சாரதி ஒரு கணம் கண்ணயர்ந்தார். வேனின் இடப்பக்கச் சில்லுகள் வீதியை விட்டுக் கற்களில் இறங்கிய சத்தத்தில் அவரே விழித்து வாகனத்தை நிறுத்தினார். இறைவன் காப்பாற்றினான். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கின்றது.

வீடு வந்து சேர்ந்தபோது உம்மாவின் இரு பாதங்களும் வீங்கியிருந்தன. அவர் நீரிழிவு நோயாளி. வழுக்கும் என்றும், தூரம் என்றும், நேரமில்லை என்றும் சொல்லி அவரைப் பெரும்பாலான இடங்களில் வேனிலேயே இருத்திவிட்டோம். "எல்லா இடமும் பார்த்தோம் என்று சொல்றீங்க மகன், நான் பார்த்தது வேன் கண்ணாடியை மட்டுந்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் அது எனக்கு அதிகம் வலித்தது.

முன்னோரின் பயண நிதானம்

நம் புத்தளத்துக்கும் பயணத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு இலங்கையில் வந்திறங்கிய பத்தாலா என்னும் துறைமுகம் புத்தளம் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பாவா ஆதம் மலையைக் காண விரும்பிய அவருக்கு ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் வழித்துணையாட்களும் உணவு சுமப்போரும் கொடுத்து அனுப்பினார். காடும் ஆறும் கடந்து, மலையடிவாரத்தில் தங்கி, இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறிய அந்தப் பயணத்தை அவர் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின்னரும் நுணுக்கமாக நினைவுகூர முடிந்தது. மரங்களையும் பூக்களையும் அட்டைகளையும் குரங்குகளையும் கூட அவரது பயணக் குறிப்பு விட்டுவிடவில்லை. மெதுவாகச் சென்றவர் பார்த்தார். பார்த்தவர் நினைவில் வைத்தார்.

நபிகளார் (ஸல்) அவர்களின் வாழ்விலும் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஒரு பயணத்தின்போது அன்னார் தம் துணைவியார் ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஈடுபட்டார்கள். அன்று ஆயிஷா நாயகி வென்றார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது நபிகளார் வென்று, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்ற கருத்தில் வேடிக்கையாகக் கூறினார்கள். குடும்பத்தோடு பயணம், உடலுக்கு அசைவு, உள்ளத்துக்கு மகிழ்ச்சி ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வில் இணைந்திருப்பதைக் காண்கின்றோம். மனைவியைக் கடைசி ஆசனத்தில் இருத்திவிட்டுத் தாம் மட்டும் நண்பர்களோடு இறங்கி நடக்கும் சகோதரர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ஓர் இடம், இரண்டு இரவுகள்

ஆகவே, நல்ல சுற்றுலாவின் முதல் விதி இடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாகும். ஆறு இடங்களுக்கு ஒரு நாள் என்பதை மாற்றி, ஓர் இடத்துக்கு இரண்டு இரவுகள் என்று வையுங்கள். தங்கும் செலவு கூடுமே என்று கேட்கலாம். எரிபொருளும் வாடகைக் கிலோமீற்றரும் குறைவதால் அதில் ஒரு பகுதி ஈடாகும். பெருநாள் வாரத்தைத் தவிர்த்துச் சென்றால் அறை வாடகையும் சனநெருக்கடியும் குறையும்.

இரண்டாவது விதி, நாள்தோறும் நடப்பது. வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், பிள்ளைகளும் இளைஞர்களும் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்கள் ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வீட்டில் அதற்கு நேரமில்லை என்போர் சுற்றுலாவிலாவது அதனைத் தொடங்கலாம். காலையில் ஒரு மணி நேர நடை, மாலையில் அரை மணி நேர நடை, நடுவில் வெயில் வேளையில் ஓய்வு. இவ்வளவு போதும்.

மூன்றாவது விதி, காலத்தை அறிந்து திசையைத் தெரிவது. நம் நாடு சிறிதெனினும் மழை எல்லாப் பக்கமும் ஒரே காலத்தில் பெய்வதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரையோரங்களையும் மலையகத்தின் மேற்குச் சரிவையும் நனைக்கின்றது. அக்காலத்தில் திருகோணமலை, பாசிக்குடா ஆகிய கிழக்குக் கடல்கள் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கையும் வடக்கையும் நனைக்கும்போது, காலி முதலான தென்மேற்குக் கரை பயணத்துக்கு ஏற்றது. ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கு, டிசம்பர் விடுமுறைக்குத் தென்மேற்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் குறையும்.

யாருக்கு எந்த இடம்?

முதியோரும் சிறுபிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்குப் பேராதனைத் தாவரவியல் பூங்கா மிகப் பொருத்தமானது. 1821இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. மகாவலி கங்கை அதனை மூன்று பக்கமும் வளைந்தோடுகின்றது. பாதைகள் அகலமானவை, பெரும்பாலும் சமதரை. நிழலும் அமர்வதற்கு இடமும் உண்டு. கிளை பரப்பி நிற்கும் பெரும் அத்திமரத்தின் அடியில் ஒரு குடும்பமே அமரலாம். இதற்கு அரை மணி நேரம் கொடுப்பது அநியாயம். அரை நாள் கொடுங்கள். மறுநாள் காலை, வாகன நெரிசலுக்கு முன், கண்டி வாவியைச் சுற்றி நடக்கலாம். முழுச் சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். இயலாதவர்கள் பாதியில் அமர்ந்து, நடந்து வருவோருக்காகக் காத்திருக்கலாம்.

கடலை விரும்புவோர்க்குக் காலிக் கோட்டையின் மதிலோர நடை உண்டு. போர்த்துக்கீசர் தொடங்கி, ஒல்லாந்தர் விரிவாகக் கட்டியெழுப்பிய இக்கோட்டை 1988இல் உலக மரபுரிமைச் சொத்தாகப் பிரகடனம் செய்யப்பட்டது. உள்ளே முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கலங்கரை விளக்கத்தின் எதிரிலேயே பள்ளிவாசல் உண்டு. அஸர் தொழுதுவிட்டு மதிலோரம் நடந்தால், மஃரிபுக்குள் ஒரு முழு வரலாற்றுப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடிக்கலாம்.

உடல் வலிமையுள்ள இளைஞர்களுக்கு ஹோட்டன் சமவெளி ஓர் அரிய பாடசாலை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உள்ள இப்புல்வெளிப் பிரதேசத்தில் மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் ஊற்றுக்கள் பிறக்கின்றன. சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். நிதானமாக நடந்தால் மூன்று நான்கு மணி நேரம். உலக முடிவு எனப்படும் விளிம்பில் நிலம் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகின்றது. காலை ஒன்பது பத்து மணிக்குப் பின் பெரும்பாலும் மூடுபனி அதனை மறைத்துவிடும். எனவே விடியற்காலையிலேயே வாயிலை அடைய வேண்டும். பொலித்தீன் பைகளை உள்ளே கொண்டுசெல்ல அனுமதியில்லை. உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கொழும்பில் வியர்க்கும் அதே நாளில் அங்கே நடுங்க நேரிடும் என்பதை எண்ணித் தடித்த மேலாடை எடுத்துச் செல்லுங்கள்.

இன்னும் நீண்ட நடையை நாடுவோர்க்குக் கண்டியின் ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை செல்லும் பீக்கோ நடைபாதை உண்டு. மொத்தம் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பாதை 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு நாளுக்கு ஒரு கட்டம் நடந்தால் போதும். பெரும்பகுதி பழைய தேயிலைத் தோட்டப் பாதைகள். கொழுந்து பறிக்கும் சகோதரிகளின் உழைப்பை அருகிலிருந்து காணும் இளைஞன், மறுநாள் அருந்தும் தேநீரின் பெறுமதியை உணர்வான். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியும் அதனோடு வந்த மண்சரிவுகளும் மலையகத்தில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்ததோடு வீதிகளையும் புகையிரதப் பாதையையும் கடுமையாகச் சேதப்படுத்தின. ஆதலால் மலைநாட்டுக்குப் புறப்படுமுன், பாதை திறந்துள்ளதா, மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று விசாரித்தறிவது அவசியம். கனமழை நாளில் பயணத்தை ஒத்திவைப்பது கோழைத்தனமல்ல, அமானிதத்தைப் பேணுவதாகும்.

தனியாகச் செல்ல விரும்புவோரும் உளர். அலுவலகத்திலும் கடையிலும் வாரம் முழுவதும் பேசிக் களைத்தவனுக்கு மௌனமும் ஒரு மருந்து. தலைநகரில் தொழில் செய்வோர் தூரம் செல்ல வேண்டியதில்லை. 2018இல் உலகின் முதலாவது ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவின் மரப்பாலங்களில் காலை வேளையில் நடந்து பறவைகளைப் பார்த்திருப்பதே ஒரு நல்ல பயணம். தனியே செல்பவர் எங்கே போகின்றார், எப்போது திரும்புவார் என்பதை வீட்டாரிடம் சொல்லிச் செல்லட்டும்.

வழியில் உடலைக் காப்போம்

நீண்ட நேரம் அசையாது அமர்ந்திருக்கும்போது கால்களின் இரத்தம் மேல்நோக்கித் திரும்புவது மந்தமாகின்றது. கெண்டைக்காற் தசை அசையும்போதுதான் அது இரத்தத்தை மேலே தள்ளுகின்றது. என் உம்மாவின் கால்கள் வீங்கியதற்கு அன்றைய நீண்ட இருப்பே முக்கிய காரணம். எனவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாகனத்தை நிறுத்தி, எல்லோரும் இறங்கிப் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும். சாரதிக்கும் இதுவே பாதுகாப்பு. பகலெல்லாம் ஓட்டியவரை இரவிலும் ஓட்டச் சொல்வது நம் உயிரோடு நாமே விளையாடுவதாகும்.

வழியிலுள்ள பள்ளிவாசல்கள் இதற்குப் பெரும் உதவி. வுளூச் செய்து, தொழுது, சற்று அமர்ந்து எழுவதில் உடலும் உள்ளமும் ஒருங்கே இளைப்பாறுகின்றன. நெடும் பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்த்துத் தொழவும் மார்க்கம் சலுகை தந்திருப்பது, பயணம் சிரமமானது என்பதை அது அறிந்திருப்பதால்தான். சலுகையைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதில் மிஞ்சிய நேரத்தை இன்னோர் இடத்தைத் திணிப்பதற்கு அல்ல, ஓய்வுக்குக் கொடுங்கள். பெண்களுக்குத் தொழுகை வசதியுள்ள பள்ளிவாசல்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது குடும்பத் தலைவரின் கடமை.

நீரிழிவு உள்ளவர்கள் உணவு வேளையைத் தவறவிடலாகாது. மருந்தை எடுத்துவிட்டு, "அடுத்த ஊரில் சாப்பிடுவோம்" என்று தள்ளிப்போடும்போது இரத்தத்தில் சீனியின் அளவு திடீரெனக் குறையலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால், அவர் நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளிவு வராவிடின் மீண்டும் கொடுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுச் செல்லாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதங்களுக்குச் சுடுமணலும் சிப்பியும் தெரியாது. ஆதலால் அவர்கள் கடற்கரையிலும் செருப்போடுதான் நடக்க வேண்டும். அவசர நிலையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் சேவை கிடைக்கும்.

பிள்ளைகளின் வாந்திக்கும் காரணம் உண்டு. உட்செவி அசைவை உணர்கின்றது. கைபேசியில் பதிந்த கண்ணோ அசைவைக் காண்பதில்லை. இம்முரண்பாட்டில் தலை சுற்றுகின்றது. கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, முன்பக்கம் அமரச் செய்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மலையேறுமுன் வயிறு நிறையப் புரியாணி கொடுக்காதீர்கள்.

நீரை மதிப்போம்

நம் சமூகத்தின் எத்தனையோ சுற்றுலாக்கள் ஜனாஸாவில் முடிந்துள்ளன. நீந்தத் தெரியாத இளைஞர்கள் அறிமுகமில்லாத நீரில் இறங்குவதே அதற்குக் காரணம். நீர்வீழ்ச்சியின் அடியில் உள்ள கற்கள் பாசியால் வழுக்கும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எரித்தாலும் மலையுச்சியில் பெய்த மழை நொடிப்பொழுதில் வெள்ளமாக வந்திறங்கலாம். கடலில் அலை குறைந்து அமைதியாகத் தோன்றும் ஓர் ஒடுங்கிய பகுதி, கரைக்கு வந்த நீர் திரும்பி இழுத்துச் செல்லும் பாதையாக இருக்கலாம். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடிக் களைக்காமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுவையை விட்டு வெளியேற வேண்டும். பாசிக்குடா போன்று வெகுதூரம் ஆழம் குறைந்த கடலிலும் கூட, பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். நீரில் நனைந்த நீண்ட ஆடைகள் பாரமாகி ஆளை இழுக்கும் என்பதைப் பெண்கள் நினைவிற்கொண்டு, முழங்காலளவு நீரோடு நிற்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு.

உம்மாவுக்கும் விடுமுறை

ஆரோக்கியமான சுற்றுலாவின் மிக முக்கியமான அடையாளம், வீட்டுப் பெண்களும் அதில் ஓய்வு பெறுவதாகும். இரவு முழுவதும் சமைத்து, வழியெல்லாம் பரிமாறி, திரும்பி வந்து சட்டி கழுவுபவருக்கு அது சுற்றுலா அல்ல; இடம் மாறிய அடுப்படி. ஒரு நேர உணவையாவது கடையில் வாங்குங்கள். எடுத்துச் செல்வதாயின் பாணும் பழமும் அவித்த முட்டையுமாக எளிமையாக இருக்கட்டும். பாய் விரிப்பதும் குப்பையைப் பொறுக்குவதும் ஆண் பிள்ளைகளின் வேலையாகட்டும். சிறு குழந்தையை வாப்பா ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால், உம்மா தன் மகளோடு கைகோத்து நடப்பார்.

பணமில்லாதவர்க்குச் சுற்றுலா இல்லை என்றும் எண்ண வேண்டாம். நம் ஊர்கள் பெரும்பாலும் கடலோரத்திலும் களப்போரத்திலும் குளக்கரையிலுமே அமைந்துள்ளன. வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் குடும்பமாக அங்கே நடந்து சென்று, ஒரு போத்தல் பிளேன்டீயோடு அமர்ந்து, மஃரிபுக்குத் திரும்புவதும் பயணமே.

எங்கள் வீட்டுக் கதையை முடித்து விடுகின்றேன். இரண்டு ஆண்டுகளின் பின் உம்மாவை மீண்டும் அழைத்துச் சென்றோம். இம்முறை பட்டியல் இல்லை. கண்டியில் இரண்டு இரவுகள். பேராதனையில் காலை முதல் ளுஹர் வரை. உம்மா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றார், தளர்ந்தபோது அமர்ந்தார், பின்னர் அவராகவே எழுந்து நடந்தார். ஆற்றங்கரை மூங்கில் புதர்களைத் தொட்டுப் பார்த்து, "இதுக்குத்தானா மகன் அன்றைக்கு அரை மணி நேரம் தந்தீங்க?" என்று கேட்டார். அன்றிரவு அவரது பாதங்கள் வீங்கவில்லை. நாங்கள் பார்த்தது இரண்டே இரண்டு இடங்கள்தான்.

அன்பார்ந்தவர்களே! அடுத்த விடுமுறைக்குப் பட்டியல் எழுத அமரும்போது, எத்தனை இடங்கள் என்று கேட்காதீர்கள். நம்மோடு வருபவர்களுள் யார் இறங்கி நடப்பார், யார் வேனிலேயே இருப்பார் என்று கேளுங்கள். கடைசி ஆசனத்தில் இருப்பவரும் இறங்கி நடக்கக்கூடிய பயணத்தைத் திட்டமிடுங்கள். நலமாகச் சென்று நலமாகத் திரும்பும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.